வறட்சி தாங்கும் தீவனப்பயிர்கள்: காட்டினங்களிடமிருந்து பெறுவதும் விலக்குவதும்

வறட்சி தானியப் பயிரைத் தாக்கும் விதம் வேறு, தீவனப்பயிரைத் தாக்கும் விதம் வேறு. கோதுமையோ சோளமோ ஒரு பருவத்துக்குள் பூத்து மணி முற்றிவிட்டால் போதும். அதன்பின் செடி காய்ந்தாலும் உழவருக்கு இழப்பில்லை. தீவனப்பயிரில் இலையும் தண்டுமே விளைச்சல். அதிலும் குதிரை மசால் போன்ற பல்லாண்டுப் பயிர் ஒருமுறை விதைத்தபின் சில ஆண்டுகளுக்கு நிலத்தில் நிற்க வேண்டும். ஆண்டுக்குப் பல முறை அறுபட வேண்டும், அல்லது மேய்ச்சலுக்கு உள்ளாக வேண்டும். ஒவ்வொரு முறையும் வேரிலும் அடித்தண்டிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து மீண்டும் தழைக்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் இலை குறைவது ஓர் இழப்பு. செடியே மடிந்து, மறு ஆண்டு நல்ல மழை பெய்தும் நிலம் வெறுமையாகக் கிடப்பது அதைவிடப் பெரிய இழப்பு.

எனவே, தீவனப்பயிரில் "வறட்சியைத் தாங்குதல்" என்று சொல்லும்போது இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. நீர் குறைந்திருக்கும்போது பயிர் எவ்வளவு இலை தருகிறது என்பது ஒன்று. நீர் அறவே இல்லாத காலத்தைக் கடந்து, மழை வந்ததும் எவ்வளவு விரைவாக எழுகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுக்கின்றன. காட்டில் வளரும் உறவினங்கள் இரண்டாவது கேள்விக்கு மிகச் சிறந்த விடையை வைத்திருக்கின்றன. முதலாவது கேள்வியில் தோற்றுவிடுகின்றன. காட்டினங்களைக் கொண்டு தீவனப்பயிரை மேம்படுத்தும் பணி முழுவதையும் இந்த ஒரு முரண்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் எளிதாக விளங்கும்.

காட்டினம் என்பது எது?

ஒரு பயிரின் மூதாதையாகவோ, அந்த மூதாதையின் கிளையிலிருந்து பிரிந்த நெருங்கிய இனமாகவோ இருந்து, மனிதரின் தேர்வுக்கு ஆட்படாமல் இயற்கையில் தானாக வளர்ந்து வருவதே அப்பயிரின் காட்டினம். பாறை இடுக்கிலும் உப்பு படிந்த சமவெளியிலும் ஆயிரக்கணக்கான தலைமுறைகளாக யாரும் நீர் ஊற்றாமல் பிழைத்திருப்பதால், நெருக்கடியைச் சமாளிக்கும் மரபணுக்கள் அவற்றில் அழியாமல் தங்கியிருக்கின்றன. வயலுக்கு வந்த பயிரில், விளைச்சலையும் சீரான வளர்ச்சியையும் நாடி மனிதர் செய்த தேர்வினால் அவற்றில் ஒரு பகுதி கைநழுவிப் போயிருக்கும்.

எந்தக் காட்டினம் எவ்வளவு நெருக்கமானது என்பதை அளக்க ஜாக் ஹார்லன், யான் டி வெட் ஆகிய இருவரும் 1971-இல் முன்வைத்த பாகுபாடு இன்றும் பயன்படுகிறது. பயிரோடு எளிதில் கலந்து, வளமான விதையுள்ள சந்ததியைத் தரும் இனங்கள் முதல் வட்டம். கலக்க முடிந்தாலும் பிறக்கும் சந்ததி நலிந்தோ மலடாகவோ இருக்கும் இனங்கள் இரண்டாம் வட்டம். ஆய்வகத்தின் துணையின்றிக் கலப்பே நிகழாத இனங்கள் மூன்றாம் வட்டம். தீவனச் சோளத்தை எடுத்துக்கொண்டால், ஆப்பிரிக்கக் காட்டுச் சோளம் முதல் வட்டத்திலும், களையாகப் பரவும் ஜான்சன் புல் இரண்டாம் வட்டத்திலும், ஆஸ்திரேலியாவுக்கே உரிய சில காட்டுச் சோளங்கள் மூன்றாம் வட்டத்திலும் அடங்கும்.

இதில் தீவனப்பயிர்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அவற்றில் பல, தானியங்களைப் போல நெடுங்காலம் பழக்கப்பட்டவை அல்ல. வெப்பமண்டல மேய்ச்சல் புற்களில் பெரும்பாலானவை சென்ற நூற்றாண்டில்தான் ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலிருந்து சேகரிக்கப்பட்டு, ஏறக்குறைய இருந்தபடியே விதைக்கப்பட்டன. பயிருக்கும் காட்டுக்கும் நடுவே உள்ள வேலி இங்கே தாழ்வானது என்பதே இதன் பொருள்.

செடி வறட்சியை எதிர்கொள்ளும் வழிகள்

முதல் வழி, தப்பித்துக்கொள்வது. ஓராண்டுத் தாவரங்கள் மழை நின்று நிலம் காய்வதற்குள் பூத்து விதை உதிர்த்துவிட்டுப் போய்விடும். குதிரை மசாலின் பேரினமான மெடிக்காகோவைச் சேர்ந்த மத்தியதரைக் கடற்பகுதி ஓராண்டு இனங்கள் இவ்வகையின. அவற்றின் விதையுறை நீர் புகாதபடி இறுகியிருப்பதால், எல்லா விதைகளும் ஒரே மழையில் முளைத்து ஒரே வறட்சியில் அழிந்துபோவதில்லை. சில விதைகள் மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். ஆய்வகத்தில் இத்தகைய விதையை முளைக்க வைக்க வேண்டுமானால், அதன் உறையை மணல்தாளில் மெல்லத் தேய்த்து ஒரு கீறல் உண்டாக்கிய பிறகே ஈரத்தில் வைக்கிறார்கள்.

இரண்டாவது வழி, செடியின் உடலுக்குள் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வது. ஆழமாக இறங்கும் வேர், இலையின் மேல் மெழுகுப் பூச்சு, சிறுத்த அல்லது சுருண்ட இலை, வெயில் ஏறும்போது மூடிக்கொள்ளும் இலைத்துளை ஆகியன இதன் கருவிகள். மூன்றாவது வழி, திசுக்களில் நீர் குறைந்த பின்னும் செல்கள் சிதையாமல் காப்பது. சர்க்கரைகளையும் புரோலின் போன்ற சிறு மூலக்கூறுகளையும் செல்லுக்குள் சேர்த்து வைத்து, இருக்கும் நீரை வெளியேறவிடாமல் பிடித்துக்கொள்வது இதில் முதன்மையானது.

இவற்றோடு பல்லாண்டுப் புற்களுக்கே உரிய இன்னொரு தந்திரமும் உண்டு. அது கோடை உறக்கம். மொராக்கோவின் வறண்ட பகுதியிலிருந்து பெற்ற காக்ஸ்ஃபுட் புல்லிலிருந்து உருவான 'கஸ்பா' என்னும் ரகம், கோடை வந்ததும் மேற்பகுதியைக் காயவிட்டு அடிக்குருத்தை மட்டும் உயிரோடு காத்து வைக்கும். கோடையில் வலிய நீர் பாய்ச்சினாலும் அது தழைக்காது. உறக்கம் அதன் மரபிலேயே எழுதப்பட்டிருக்கிறது; ஈரம் இருக்கிறதா என்று பார்த்து எடுக்கும் முடிவன்று. கடும் கோடையுள்ள மேய்ச்சல் நிலத்தில் இது உயிர்காக்கும் பண்பு. கோடையில் ஓரளவு மழை பெய்யும் இடத்திலோ, கிடைத்த நீரை வீணாக்கும் பண்பு.

இங்குதான் மேலே சொன்ன முரண்பாடு கண்ணுக்குத் தெரிகிறது. இலைத்துளை வழியாகத்தான் நீராவி வெளியேறுகிறது; அதே துளை வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே வருகிறது. துளையை மூடினால் நீர் மிஞ்சும், ஆனால் இலை வளராது. தானியப் பயிருக்கு இது ஒரு சில வாரங்களின் இழப்பு. இலையையே அறுவடை செய்யும் பயிருக்கோ அந்த வாரங்களின் விளைச்சல் முழுவதும் போய்விடும். ஆகவே சிக்கனத்தை மட்டும் காட்டினத்திடமிருந்து கற்றுக்கொண்ட தீவனப்பயிர் உழவருக்குப் பயன்படாது. என் கருத்தில், ஆழமான வேர் வழியே நீரைத் தேடிப்போகும் பண்பும், வறட்சிக்குப் பின் விரைந்து மீளும் பண்பும்தான் காட்டினங்களிடமிருந்து முதலில் தேடத்தக்கவை.

குதிரை மசாலும் மஞ்சள் பூ உறவினமும்

இத்துறையின் செய்முறையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பயிரை நெருங்கிப் பார்ப்பது நல்லது. அதற்குக் குதிரை மசாலை விடப் பொருத்தமான பயிர் இல்லை. ஊதா நிறப் பூவும் நத்தைக்கூடு போலச் சுருண்ட காயும் உடைய மெடிக்காகோ சட்டைவா என்பதே உலகெங்கும் பயிராகும் குதிரை மசால். அதன் நெருங்கிய உறவான மெடிக்காகோ ஃபல்காட்டா மஞ்சள் பூவும் அரிவாள் வடிவக் காயும் உடையது. சைபீரியா, கஜகஸ்தான், மங்கோலியா ஆகிய பகுதிகளின் குளிரும் வறட்சியும் நிறைந்த புல்வெளிகளில் இயல்பாக வளர்கிறது. இரண்டும் முதல் வட்டத்துக்குள் அடங்குவதால் எளிதில் கலக்கும். கலப்புச் செடிகள் பூக்கும்போது ஊதாவும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பச்சை கலந்தும், பழுப்பாகவும், சில பூக்கள் ஏறக்குறையக் கருமையாகவும் தோன்றும். வயலில் நின்று பார்ப்பவருக்கு எந்தச் செடியில் காட்டு இரத்தம் ஓடுகிறது என்று பூவே காட்டிக்கொடுத்துவிடும்.

1897-இல் அமெரிக்க வேளாண் துறை நீல்ஸ் ஹான்சன் என்னும் தெற்கு டகோட்டா ஆய்வாளரை ரஷ்யாவுக்கு அனுப்பியது. வட அமெரிக்காவின் வறண்ட வடபகுதிச் சமவெளிகளில் பிழைக்கக்கூடிய குதிரை மசாலைத் தேடிக் கண்டுபிடிப்பது அவருக்கு இடப்பட்ட பணி. மத்திய ஆசியாவிலிருந்து வடக்கே செல்லச் செல்ல ஊதாப் பூ மசால் மறைவதையும், சைபீரியாவில் மஞ்சள் பூ மசால் அதன் இடத்தைப் பிடித்திருப்பதையும் அவர் கண்டார். அந்த வகை விதைகள் பின்னர் வட அமெரிக்க ஆய்வுப் பண்ணைகளைச் சென்றடைந்தன. கனடாவின் சஸ்கட்சுவான் மாகாணத்தில் உள்ள ஸ்விஃப்ட் கரண்ட் ஆய்வு நிலையம் ஃபல்காட்டாவின் மரபைப் பயன்படுத்தி 1955-இல் 'ராம்ப்ளர்' என்னும் ரகத்தை வெளியிட்டது. இதன் வேர் பக்கவாட்டில் பரவி, பரவிய இடத்திலிருந்து புதுத் தண்டுகளை எழுப்பும். மேய்ச்சலில் ஓர் அடித்தண்டு சிதைந்தாலும் செடி சாகாது. குளிரும் வறட்சியும் மாறி மாறித் தாக்கும் புல்வெளிக்கு அது ஏற்ற அமைப்பு.

ஆனால், ஃபல்காட்டா தன் நல்ல பண்பை மட்டும் தனியே பிரித்துக் கொடுப்பதில்லை. அறுத்தபின் மெதுவாகவே மீண்டும் தழைக்கும். பகற்பொழுது குறையத் தொடங்கியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். தண்டு தரையோடு படர்வதால் இயந்திர அறுவடைக்குச் சிக்காது. காய் முற்றியதும் வெடித்து விதையைச் சிதறும். குரோமோசோமில் விரும்பிய மரபணுவுக்கு அருகே அமர்ந்திருக்கும் விரும்பாத மரபணுக்கள் அதனோடு சேர்ந்தே வந்துவிடுவதே இதற்கு ஒரு காரணம். விருந்துக்கு ஒருவரை அழைத்தால் அவர் தெருவையே கூட்டிக்கொண்டு வருவது போன்ற நிலை இது. இந்தப் பிணைப்பை உடைக்க, கலப்புச் செடியைப் பயிர் ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும். இதற்குப் பிற்கலப்பு என்று பெயர். முதற்கலப்பில் காட்டினத்தின் பங்கு பாதி. ஒரு பிற்கலப்புக்குப் பின் சராசரியாக 25 விழுக்காடு, இரண்டுக்குப் பின் 12.5, மூன்றுக்குப் பின் 6.25 என அது குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு தலைமுறையிலும் வறட்சியைத் தாங்கும் பண்பு இன்னும் தங்கியிருக்கும் செடிகளைப் பொறுக்கியெடுக்காவிட்டால், வேண்டாதவற்றோடு வேண்டியதும் கழுவிக்கொண்டு போய்விடும்.

கலப்பைச் செய்யும் முறையும் நுணுக்கமானது. மசால் பூவின் நடுவே மகரந்தத் தாள்களும் சூலகமும் ஒரே குழலாகச் சேர்ந்து, இழுத்துக் கட்டிய வில்லைப் போன்ற விறைப்போடு அடியிதழ்களுக்குள் அடைபட்டிருக்கும். தேனீ வந்து அமர்ந்து அடியிதழை அழுத்தியதும் குழல் விடுபட்டுத் தெறித்து மேலே நிற்கும் பெரிய இதழில் மோதும்; அந்த மோதலில்தான் மகரந்தச் சேர்க்கை தொடங்குகிறது. தேனீயின் வேலையை ஆய்வாளர் ஒரு பற்குச்சியால் செய்கிறார். தாய்ப்பூவைத் தெறிக்கவிட்டு, அதன் சொந்த மகரந்தத்தை உறிஞ்சியோ கழுவியோ நீக்கிவிட்டு, தந்தைச் செடியின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவுகிறார். ஒரு பூவிலிருந்து கிடைப்பது ஒரு சில விதைகள்தான் என்பதால் இதை நூற்றுக்கணக்கான பூக்களில் செய்ய வேண்டியிருக்கும்.

மசாலின் மரபமைப்பு இப்பணியை மேலும் கடினமாக்குகிறது. மனிதரிலும் பெரும்பாலான விலங்குகளிலும் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு படிகளாக இருக்கும். பயிராகும் மசாலில் அது நான்கு படிகள்; 8 வகைக் குரோமோசோம்கள் நான்கு மடங்காகி மொத்தம் 32. ஒரு பண்பு நான்கு படிகளிலும் ஒரே வகை மரபணு இருந்தால் மட்டுமே வெளிப்படும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு படிகளில் அம்மரபணுவைச் சுமக்கும் செடியைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு உட்படுத்தினால், 36 சந்ததிகளில் சராசரியாக ஒன்றில்தான் அப்பண்பு தெரியவரும். இரண்டு படிகள் மட்டுமே உடைய தாவரத்தில் இது நான்கில் ஒன்றாக இருந்திருக்கும். இது போதாதென்று, தன்மகரந்தச் சேர்க்கையால் பிறக்கும் மசால் செடிகள் தலைமுறைக்குத் தலைமுறை நலிந்துபோகின்றன. ஆகவே நெல்லைப் போலத் தூய வழி (எல்லாச் செடிகளும் மரபில் ஒத்திருக்கும் வம்சம்) உருவாக்கி அதையே பெருக்கும் முறை இங்கே பலிக்காது. தேர்ந்தெடுத்த பல தாய்ச் செடிகளை ஒன்றாக நட்டு, தேனீக்கள் மூலம் தம்முள் கலக்கவிட்டு, அந்தக் கூட்டத்தையே ஒரு ரகமாக வெளியிடுகிறார்கள். பிற்கலப்பிலும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பயிர்ச் செடிகளைப் பயன்படுத்துவதன் காரணம் இதுவே. ஒரு மசால் வயலில் எந்த இரண்டு செடிகளும் மரபில் அப்படியே ஒத்திருப்பதில்லை.

இந்த இடைப்பட்ட நீண்ட உழைப்புக்கு முன்மேம்பாடு என்று பெயர். காட்டினத்தின் நல்ல பண்பை, ரகம் உருவாக்குவோர் கையாளத்தக்க வடிவில் கொண்டுவந்து சேர்ப்பது அதன் நோக்கம். உடனடி வருவாய் இல்லாத வேலையாகையால் தனியார் விதை நிறுவனங்கள் இதில் இறங்கத் தயங்குகின்றன. பொதுநிதி இல்லாமல் இது நகர்வதில்லை. 2011-இல் நார்வே அரசின் நிதியோடு, பயிர் வகைகளைப் பாதுகாக்கும் பன்னாட்டு அமைப்பான கிராப் டிரஸ்ட்டும் பிரிட்டனின் கியூ தாவரவியல் தோட்டமும் தொடங்கிய காட்டினத் திட்டம் 29 பயிர்களைத் தேர்ந்தெடுத்தது. அவற்றில் குதிரை மசாலும் ஒன்று. தெற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினங்களோடு கலந்து உருவாக்கிய மசால் வழிகள் ஆஸ்திரேலியாவில் மட்டுமன்றிச் சிலி, சீனா, கஜகஸ்தான் ஆகிய நாடுகளின் வறண்ட நிலங்களிலும் சோதிக்கப்பட்டன.

கலக்க மறுக்கும் இனங்கள்

மசாலும் ஃபல்காட்டாவும் போல எல்லா இனங்களும் இணங்கிப் போவதில்லை. தடை பல இடங்களில் எழலாம். சில இனங்களில் அயல் மகரந்தம் சூலகமுடியில் விழுந்தாலும் அதன் குழாய் கீழே இறங்கவிடாமல் சூலகமே தடுத்துவிடும். சோளத்தில் இத்தகைய தடையை இயக்கும் ஒரு மரபணுவே அடையாளம் காணப்பட்டிருக்கிறது. அம்மரபணு செயலிழந்த சோளச் செடியைத் தாயாக வைத்தபோது, அதுவரை கலக்கவே முடியாதிருந்த சோர்கம் மேக்ரோஸ்பெர்மம் என்னும் ஆஸ்திரேலியக் காட்டுச் சோளத்தின் மகரந்தக் குழாய் தடையின்றி இறங்கிக் கலப்பு நிகழ்ந்தது. மூன்றாம் வட்டம் என்று ஒதுக்கி வைத்த இனம் ஒரே மரபணுவின் மாற்றத்தால் எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டது.

மகரந்தக் குழாய் இறங்கிக் கரு உண்டான பிறகும், கருவுக்கு உணவூட்டும் திசு சிதைந்து விதை சுருங்கிப்போவது இன்னொரு தடை. வெள்ளை குளோவர் என்னும் பயறு வகைத் தீவனப்பயிரில் இதைக் காணலாம். இந்தப் பயிரின் பலவீனம் அதன் வேரில் இருக்கிறது. விதையிலிருந்து எழுந்த ஆணிவேர் ஓரிரு ஆண்டுகளில் மடிந்துவிட, அதன்பின் தரையில் ஊரும் தண்டின் கணுக்களில் தோன்றும் மேலோட்டமான வேர்களை நம்பியே செடி வாழ்கிறது. மேல்மண் காய்ந்தால் செடியும் காய்கிறது. மத்தியதரைக் கடற்பகுதியில் வளரும் டிரைஃபோலியம் யூனிஃப்ளோரம் என்னும் காட்டுக் குளோவருக்குக் கட்டை போல உறுதியான ஆழ்ந்த ஆணிவேர் உண்டு. காக்கசஸ் பகுதியின் டிரைஃபோலியம் அம்பிகுவம் நிலத்தடித் தண்டுகளால் பரவுகிறது. இவற்றை வெள்ளை குளோவரோடு கலக்கும் பணியில் இளங்கருவை முதிர்வதற்கு முன்பே நுண்ணோக்கியின் கீழ் வெட்டியெடுத்து, சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த ஊட்டக் கூழில் வளர்க்க வேண்டியிருந்தது. கருமீட்பு என்னும் இம்முறையின் துணையோடு முதலாவது கலப்பில் நியூசிலாந்து ஆய்வாளர்களும், இரண்டாவது கலப்பில் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் ஆய்வாளர்களும் முன்னேறினார்கள். இரண்டாவதன் பயனாக 'அபர்லாஸ்டிங்' என்னும் ரகம் விற்பனைக்கே வந்தது.

விதை உருவாகிச் செடி வளர்ந்த பின்னும் ஒரு தடை மிஞ்சலாம்: மலட்டுத்தன்மை. கம்புக்கு 14 குரோமோசோம்கள், நேப்பியர் புல்லுக்கு 28. இரண்டின் கலப்புக்கு 21 என்ற ஒற்றைப்படை எண் கிடைப்பதால் அவை இணை சேர முடியாமல் தவித்து, விதை உண்டாவதில்லை. தீவனத்துக்கு இது குறையே அல்ல. கரணையாக வெட்டி நட்டால் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் தழைக்கிறது; கம்பின் மென்மையான இலையும் நேப்பியரின் பல்லாண்டு வாழ்வும் ஒரே தூரில் கிடைக்கின்றன. மேற்கொண்டு கலப்பு செய்ய விதை வேண்டுமானால், கொல்ச்சிசின் என்னும் வேதிப்பொருளால் குரோமோசோம்களை இரட்டித்து 42 ஆக்கினால் வளம் திரும்பும்.

கண்ணால் காணக்கூடிய மரபணுத் துண்டு

ரை புல் இலைச்சுவைக்கும் விளைச்சலுக்கும் பெயர்பெற்றது, வறட்சியில் துவண்டுவிடும். ஃபெஸ்க்யூ புற்கள் ஆழ வேரூன்றி வறட்சியைத் தாங்குபவை. அவற்றின் இலையோ முரடு. இவ்விரு இனங்களின் குரோமோசோம்களும் வியக்கத்தக்க அளவில் ஒன்றோடொன்று இணை சேர்ந்து துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். அதே வேளையில், அவற்றின் டிஎன்ஏ வரிசைகள் வேறுபடுத்திக் காணும் அளவுக்கு வேறாக இருப்பதால், ஃபெஸ்க்யூவின் டிஎன்ஏவில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, கலப்புச் செடியின் குரோமோசோம்கள்மேல் படியவிட்டால், ஃபெஸ்க்யூவிலிருந்து வந்த துண்டு மட்டும் நுண்ணோக்கியில் வேறு நிறத்தில் ஒளிரும். அபெரிஸ்ட்வித் ஆய்வாளர்கள் இம்முறையில் பிற்கலப்புத் தலைமுறைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, வறட்சியைத் தாங்கிய ரை புல் செடிகளில் மூன்றாம் குரோமோசோமில் ஒரு சிறு ஃபெஸ்க்யூ துண்டு தொடர்ந்து காணப்படுவதைக் கண்டார்கள். இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. வறட்சி தாங்கும் திறனைப் போன்ற பல மரபணுக்கள் சேர்ந்தியக்கும் மங்கலான பண்பை, குரோமோசோமின் இன்ன இடம் என்று விரலால் சுட்டிக் காட்டும் வாய்ப்பு எளிதில் அமைவதில்லை.

இவ்வகைக் கலப்புகளில் எதிர்பாராத நன்மையும் விளைந்திருக்கிறது. ரை புல்லையும் புல்வெளி ஃபெஸ்க்யூவையும் கலந்து உருவான 'பிரயர்' என்னும் ரகத்தின் வேர்கள் ஆழத்தில் தோன்றி மடிந்து மண்ணில் இடைவெளிகளை உண்டாக்கியதால், ரை புல் நின்ற நிலத்தோடு ஒப்பிடும்போது மழைநீர் வழிந்தோடுவது 51 விழுக்காடு குறைந்ததாக 2013-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. வறட்சிக்காகத் தேடிய வேர் வெள்ளத்தையும் மட்டுப்படுத்தியது.

விதை தாயின் நகலானால்?

பிராக்கியாரியா, கினியாப்புல், கொழுக்கட்டைப்புல் போன்ற வெப்பமண்டலப் புற்களில் இன்னொரு விசித்திரம் உண்டு. இவை விதை தரும். ஆனால் பெரும்பாலான செடிகளில் அந்த விதைக்கருவில் தந்தையின் பங்கே இருக்காது. கரு தாயின் செல்லிலிருந்து நேரடியாக உருவாவதால் ஒவ்வொரு விதையும் தாயின் நகலாகவே முளைக்கும். நல்ல செடி ஒன்று கிடைத்துவிட்டால் இது பெரும் வரம்: தலைமுறைகள் கடந்தாலும் அதன் குணம் மாறாது. ஆனால் அந்த நல்ல செடியை உருவாக்கக் கலப்பு வேண்டுமே! தாய்ச்செடி கலப்பையே ஏற்காதபோது கதவு அடைபட்டுவிடுகிறது.

பிராக்கியாரியாவில் இந்தக் கதவு பெல்ஜியத்தில் திறந்தது. வறட்சியிலும் ஊட்டமற்ற மண்ணிலும் வளரும் பிராக்கியாரியா பிரிசாந்தா, டெகும்பென்ஸ் ஆகிய இரண்டும் நான்கு படிக் குரோமோசோம்கள் கொண்டு நகல் விதை தருபவை. ருசிசியென்சிஸ் என்னும் உறவினம் இயல்பான பாலின இனப்பெருக்கம் உடையது. ஆனால் அதற்கு இரண்டு படிகளே உண்டு. படி எண்ணிக்கை பொருந்தாமல் கலப்பு நிகழாதிருந்த நிலையில், பெல்ஜிய ஆய்வாளர்கள் ருசிசியென்சிஸின் குரோமோசோம்களைக் கொல்ச்சிசினால் இரட்டித்து நான்கு படிகளாக்கினார்கள். இந்தச் செடியைத் தாயாகவும் நகல் விதைப் புற்களை மகரந்தம் தரும் தந்தையாகவும் வைத்துக் கொலம்பியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையம் கலப்புத் திட்டத்தை நடத்தியது. பிறக்கும் சந்ததிகளில் சில பாலின வழியிலும் சில நகல் வழியிலும் இனப்பெருக்கம் செய்யும். முன்னவை அடுத்த சுற்றுக் கலப்புக்குத் தாயாகும். பின்னவற்றில் சிறந்தது அப்படியே ரகமாகும். 'முலாட்டோ', அதன்பின் 'முலாட்டோ 2' ஆகிய ரகங்கள் இவ்வழியில் பிறந்தவை.

நஞ்சும் களையும்

காட்டினத்திடமிருந்து வருபவை எல்லாம் ஏற்கத்தக்கவை அல்ல. மேயும் விலங்குகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவே பல காட்டுத் தாவரங்கள் நஞ்சையும் கசப்பையும் முள்ளையும் வளர்த்துக்கொண்டவை. அவ்விலங்குகளுக்கே உணவாகும் பயிரில் அவற்றைச் சேர்ப்பது தலைகீழ் வேலை. சோளத்தின் இளந்தளிரில் உள்ள துரின் என்னும் பொருள், இலை மெல்லப்படும்போது சயனைடாக மாறும். வறட்சியில் வாடிய செடியில் அதன் அளவு கூடும். எனவே வறட்சிக்கு ஏற்ற தீவனச் சோளத்தில் வறட்சிக் காலத்து நச்சளவைத் தனியே அளந்து பார்க்காமல் ரகத்தை வெளியிட முடியாது. இந்த வகையில் இலையில் துரின் மிகக் குறைவாகவே உள்ள ஆஸ்திரேலியக் காட்டுச் சோளங்கள் கவனத்துக்குரியவை. கேசரிப் பருப்புச் செடியும் வறட்சிக்கு அஞ்சாதது. நரம்பைத் தாக்கும் அதன் நஞ்சின் அளவைக் குறைக்காமல் அதை விரிவாகப் பரிந்துரைக்க இயலாது.

உயர ஃபெஸ்க்யூ புல்லின் கதை சற்று வேறானது. அதன் வறட்சித் தாங்கும் திறனில் ஒரு பங்கு புல்லுக்கே உரியதன்று. இலையுறையிலும் தண்டிலும் செல்களுக்கு இடையில் குடியிருக்கும் எபிக்குளோயி என்னும் பூஞ்சைக்கு உரியது. அந்தப் பூஞ்சையே கால்நடைகளின் உடல் வெப்பத்தை ஏற்றி நோயுறச் செய்யும் நச்சையும் சுரக்கிறது. காட்டு ஃபெஸ்க்யூ கூட்டங்களைத் தேடியபோது, அந்நச்சைச் சுரக்காமலே செடிக்குத் துணைநிற்கும் பூஞ்சை வகைகள் கிடைத்தன. அவற்றைப் பயிர் ரகங்களில் குடியேற்றியிருக்கிறார்கள்.

களையாக மாறும் ஆபத்தும் மெய்யானது. யாரும் கவனிக்காமலே வறண்ட நிலத்தில் பிழைத்துப் பெருகும் செடி, மேய்ச்சல் நிலத்தின் எல்லையோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை. மேய்ச்சலுக்காகக் கொண்டுவரப்பட்ட கொழுக்கட்டைப்புல் ஆஸ்திரேலியாவின் உள்நிலங்களிலும் வட அமெரிக்காவின் சோனோரா பாலைவனத்திலும் பரவி, அங்கு இயல்பாக அரிதாக இருந்த காட்டுத்தீயை அடிக்கடி நிகழச் செய்துவிட்டது. வறட்சியைத் தாங்கும் திறனை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு தேர்ந்தெடுத்தால் இத்தகைய விளைவுக்கு வழிவிட்டதாகும்.

சோதனையும் சேமிப்பும்

கலப்பும் தேர்வும் முடிந்து கையில் கிடைத்த செடி உண்மையிலேயே வறட்சியைத் தாங்குமா என்பதைத் தொட்டியில் நட்டு மட்டும் அறிய முடியாது. ஆழ்வேரின் திறன் தொட்டிக்குள் வெளிப்பட வழியில்லை. ஆகவே மழை வரும்போது தானாக நகர்ந்து வந்து மூடும் கூரைகளின் கீழ் வயலிலேயே பயிரிட்டு, ஈரத்தைக் கட்டுப்படுத்திச் சோதிக்கிறார்கள். வெப்பப் படக்கருவியால் இலைப்பரப்பின் வெம்மையையும் அளக்கிறார்கள். ஆழத்திலிருந்து நீரை எடுத்து இன்னும் ஆவியாக்கிக்கொண்டிருக்கும் செடி, நீர் எட்டாமல் துளையை மூடிவிட்ட செடியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் என்பதே இதன் அடிப்படை. அதற்குப் பின் அறுத்தும் மேயவிட்டும், குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்து, எத்தனை செடிகள் உயிரோடு எஞ்சின என்று எண்ணவும் வேண்டும்.

இவை அனைத்துக்கும் மூலப்பொருள் விதை வங்கிகளில் இருக்கிறது. வறண்ட நிலத் தீவனப் பயறுகளின் மிகப் பெரிய சேகரிப்புகளில் ஒன்றை இகார்டா என்னும் பன்னாட்டு ஆய்வு மையம் சிரியாவின் அலெப்போ அருகே வைத்திருந்தது. உள்நாட்டுப் போரால் அந்த நிலையத்தை இயக்க முடியாமல் போனபோது, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் 2008-இல் திறக்கப்பட்ட உலக விதைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் முன்பே சேர்த்து வைத்திருந்த நகல் விதைகளை 2015-இல் திரும்பப் பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். அப்பெட்டகத்திலிருந்து விதை திரும்ப எடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. வங்கிக்கு வராத காட்டினங்கள் இன்னும் ஏராளமாக உள்ளன. அவை வளரும் இடங்களில் மிகைமேய்ச்சலும் நிலமாற்றமும் நடந்துகொண்டிருப்பதால் சேகரிப்பாளர்களுக்குக் கால அவகாசம் அதிகமில்லை.

பேசப்படாமல் விடப்படும் கடைசித் தடை ஒன்று உண்டு: விதை விளைச்சல். இலைக்காகத் தேர்ந்தெடுத்த பயிர் விதை குறைவாகக் கொடுக்கும். காட்டு இரத்தம் கலந்த பயிரோ கொடுத்த விதையையும் முற்றுமுன் உதிர்த்துவிடும். சோதனை வயலில் எல்லா வகையிலும் முதலிடம் பெற்ற வழியின் விதையை மலிவாகப் பெருக்க இயலாவிட்டால் அது உழவரின் நிலத்தை எட்டுவதில்லை. மேலே சொன்ன முலாட்டோ புல் நல்ல தீவனமாக இருந்தும் பரவலாகாமல் நின்றதற்கு அதன் குறைந்த விதை விளைச்சலே முதன்மைக் காரணம். அதன் இடத்துக்கு வந்த முலாட்டோ 2 தீவனத் தரத்தோடு, விதையும் கூடுதலாகத் தந்ததால்தான் நிலைபெற்றது. இதனால் வேரையும் இலையையும் அளக்கும் அதே தலைமுறையிலேயே விதை விளைச்சலையும் விதை உதிர்வையும் அளக்கத் தொடங்குவது நல்லது.